வால்வு திறக்கும் நேரம்

மழை நின்றபாடில்லை. முன்னால் நிற்கிற பஸ்ஸும் நகர்ந்தபாடில்லை. நகர்ந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டியிருந்த சின்னப் பெட்டியில் பச்சை நிறத்தில் எரிந்த எண். டாங்கில் இன்னும் எத்தனை லிட்டர் பெட்ரோல் இருக்கிறது என்று சொல்லும் எண் அது. மலைப்பாதையில் கார் வந்து மாட்டிக்கொண்டபோது ஆறு காட்டியது. இப்போது இரண்டுக்குக் கீழே போய்விட்டது.

நிற்கிற வண்டிக்கு எதற்கு எஞ்சினைப் போட்டு வைத்திருக்கிறாள் என்று கேட்பீர்கள். பின் சீட்டைப் பாருங்கள், தெரியும். அங்கே மூன்று தலையணைகளில் சாய்ந்து அவளுடைய அப்பா இருந்தார். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனை, அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த ஆக்சிஜன் மெஷினில். மெஷினுக்குள்ளும் ஒரு பேட்டரி உண்டு, பேருக்கு. வண்டியிலிருந்து கரண்டு போகாவிட்டால் அது நாலு மூச்சுக்குக்கூடத் தாங்காது. வண்டியின் பேட்டரியோ அதைவிடக் கிழடு. எஞ்சினை ஒருமுறை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமா என்பதே சந்தேகம். எஞ்சின் ஓடினால் மெஷின் ஓடும், மெஷின் ஓடினால் அப்பா மூச்சு விடுவார். அதனால் அந்தப் பச்சை எண் அவளுக்குப் பெட்ரோலாகத் தெரியவில்லை.

அவளை வேலையிடத்தில் எல்லோரும் மீட்டரம்மா என்பார்கள். வாடகை வேன்களுக்கும் பள்ளி வேன்களுக்கும் மீட்டர் பொருத்துகிற பட்டறையில் அவள்தான் தலைமை. ஆனால் சொந்தக் காரில் பெட்ரோல் முள் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அதைச் சரிசெய்ய டாங்கையே இறக்க வேண்டும் என்று சோம்பல்பட்டு, இந்தப் பெட்டியைத் தானே செய்து ஒட்டிவிட்டாள். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுவதற்கு இன்ஜெக்டர் என்று சின்ன வால்வுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் கரண்டு போகிறது என்று பெட்டி எண்ணும். அத்தனை நேரத்துக்கு இத்தனை பெட்ரோல் என்று பெருக்கி, டாங்க் கணக்கிலிருந்து கழித்துவிடும். கழுத்தை நீட்டாமல், மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் அப்பாவும் பார்க்கட்டும் என்று எழுத்தை வேறு பெரிதாக வைத்தாள். அந்தப் பெரிய எழுத்தைத்தான் இப்போது அப்பா பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா நகரத்துக் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலையில் இருந்தவர். வாழ்க்கையெல்லாம் தண்ணீர் மட்டம் காட்டும் கோலைப் பார்ப்பதும் சுவிட்சைத் தட்டுவதுமாகவே கழித்தவர். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் ஒரு விளக்கு வீணாக எரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. நுரையீரல் பழுதாகி மூச்சுக்கு மெஷினைக் கட்டிக்கொண்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே, அரை மணி நேரம் அணைத்துத்தான் பார்ப்போமா என்று கேட்பார். மகள் முறைத்தால் சிரிப்பார்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நுரையீரல் சோதனை. அதற்குத்தான் கிளம்பினார்கள். பாதி ஏற்றத்தில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. முன்னால் பஸ், பின்னால் கல் ஏற்றிய லாரி, ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். பைக்கில் வந்தவர்கள் எல்லாம் அப்போதே திரும்பிப் போய்விட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. மண்வெட்டி எந்திரம் கீழேயிருந்து புறப்பட்டுவிட்டது என்று பஸ் கண்டக்டர் சொல்லி வெகுநேரமாகிறது. புறப்பட்டதுதான், வந்த பாட்டைக் காணோம்.

முதலில் மீட்டரம்மா பதறவில்லை. ஆறு லிட்டர் இருக்கிறது, சும்மா நிற்கிற வண்டி என்ன குடித்துவிடப் போகிறது என்று நினைத்தாள். அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் தன் பழைய மேலதிகாரியைப்போல மூக்கால் பேசிக் காட்டினார். நாலு மூக்குப் பேச்சு, அப்புறம் ஓய்வு, அப்புறம் நாலு. எண் நாலுக்கு இறங்கியபோது அவள் பேச்சைக் குறைத்தாள். இரண்டுக்கு இறங்கியபோது கதவைத் திறந்தாள். இறங்கி ஓடிப்போய் லாரி டிரைவரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர், ஆனால் அவர் வண்டியும் டீசல், பஸ்ஸும் டீசல். அப்படியானால் மெஷினையாவது உங்கள் லாரியில் மாட்டிக்கொள்ளலாமா என்றாள். லாரியில் இருபத்துநாலு வோல்ட் ஓடுகிறது, காரின் பன்னிரண்டுக்கு ஏற்பட்ட மெஷினை அதில் மாட்டினால் கருகிவிடும் என்று சொல்லி அவர் கையைப் பிசைந்தார். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஒன்று புள்ளி ஆறு சொச்சம். கடைசி இலக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று விழும், கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி ஒன்று விழும். அப்பா முன்பக்கக் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அப்படி வைத்துக்கொள்ளும் திறமை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

"எண்ணு சரியாத்தானே காட்டுது?" என்று கேட்டார் அப்பா.

"நான் செஞ்சதுப்பா. நெடுஞ்சாலையில பலமுறை ஓட்டிப் பாத்தாச்சு. பங்க்ல ரொப்பினா ஒரு டம்ளர்கூட வித்தியாசம் வராது."

பெருமையாகத்தான் சொன்னாள். அந்தப் பெருமையைப் பின்னால் எத்தனையோ முறை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா தலையை ஆட்டி, மீட்டரம்மா சொன்னால் அப்பீல் ஏது என்று முனகினார். அப்புறம் அவர் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

சாயங்கால வெளிச்சம் மங்கியது. மிச்சப்படுத்தக் கூடியதையெல்லாம் மிச்சப்படுத்துவோம் என்று அவள் ஒவ்வொன்றாக அணைத்தாள். முகப்பு விளக்கை அணைத்தாள். வைப்பரை நிறுத்தினாள். கண்ணாடிப் பனியைப் போக்குகிற சூட்டை நிறுத்தினாள். அணைத்துவிட்டு எண்ணைப் பார்த்தால், விழுகிற வேகம் சட்டென்று குறைந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

அவளுக்கு முதலில் நிம்மதி. அடுத்த நொடியே சந்தேகம். விளக்கும் வைப்பரும் கொஞ்சம் பெட்ரோலைத் தின்னும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இத்தனையா? எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இளைப்பாறியதுபோலவும் இல்லை, இழுத்ததுபோலவும் இல்லை. அப்படியானால் என்னதான் குறைந்தது? குறைந்தது கரண்டுச் செலவு. விளக்கு அணைந்ததும் வண்டியின் வோல்ட் ஏறியிருக்கும். வோல்ட்டுக்கும் பெட்ரோல் எண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

அப்போதுதான் அவளுக்கு அண்ணனின் குரல் காதில் விழுந்தது. அண்ணன் வெளியூரில் எஞ்சின் டியூன் செய்யும் கடை வைத்திருக்கிறான். பெட்டியைப் பற்றி அவள் போனில் அளந்துகொண்டிருந்த அன்று, பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வால்வு திறக்கிற தாமதத்தைக் கழிச்சியா, பாப்பா?"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் உனக்குச் சோறு இறங்காதே என்றாள். அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். கரண்டு போன உடனே வால்வு திறந்துவிடாது, காயில் என்கிற கம்பிச்சுருள் இழுத்து அதைத் திறப்பதற்கு ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் கரண்டு இருக்கும், பெட்ரோல் இருக்காது. நீ அதையும் பெட்ரோல் என்றே எண்ணுகிறாய். வோல்ட் குறைந்தால் காயிலுக்குச் சக்தி குறையும், தாமதம் கூடும், வண்டியின் கம்ப்யூட்டர் அதற்கு ஈடாகக் கரண்டு நேரத்தை நீட்டும், உன் பெட்டி அதையும் சேர்த்துப் பெட்ரோல் கணக்கில் எழுதும். இவ்வளவும் சொல்லிவிட்டு, எந்த வோல்ட்டுக்கு எவ்வளவு தாமதம் என்று ஒரு அட்டவணையும் அனுப்பினான். நெடுஞ்சாலையில் கணக்கு ஒட்டி வருகிறதே, இது எதற்கு என்று அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஒட்டி வராமல் என்ன செய்யும்? அங்கே வால்வு நெடுநேரம் திறந்திருக்கும், தாமதம் அதில் சின்னத் துணுக்கு. அந்தத் துணுக்கையும் சேர்த்தே கணக்கு வரும்படி, பெருக்கும் எண்ணை அன்றே குறைத்து ஒட்ட வைத்துவிட்டாள். ஆனால் சும்மா நிற்கிற வண்டியில் வால்வு திறப்பதே ஒரு சிமிட்டல். அதில் பாதி தாமதம்தான். அப்படியென்றால் இவ்வளவு நேரமாகப் பெட்டி எண்ணியதில் பாதி, எஞ்சின் குடிக்காத பெட்ரோல். போன வாரம் முழுக்க ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்தபோதும் இதே கதைதான் நடந்திருக்கும். டாங்கில் இன்னும் நிறைய இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. அண்ணனின் அட்டவணை இந்த வண்டியின் இன்ஜெக்டருக்குப் பொருந்துமா என்று தெரியாது. பொருந்தாவிட்டால் இது வெறும் ஆசைதான். அவள் லேப்டாப் டிக்கியில் இருந்தது. பெட்டி அனுப்பும் கரண்டு நேரமும் வோல்ட்டும் கம்பியில்லாமலே அதில் கோடாக ஓடும். பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

"அஞ்சு நிமிஷம்ப்பா. டிக்கியில ஒரு வேலை இருக்கு," என்றாள். அப்பா போ என்று கையசைத்தார். என்ன வேலை, எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். அளந்து பார்க்காததை வாயால் சொல்ல மாட்டாள், அப்படி ஒரு பிடிவாதம். அன்றைக்கு மட்டும் அந்தப் பிடிவாதம் எங்கேயாவது தொலைந்து போயிருக்கக் கூடாதா!

டிக்கி மூடியைத் தூக்கினாள். மழை தகரத்தில் அடித்த அடியில் வேறு ஒன்றும் காதில் விழவில்லை. மூடிக்கு அடியில் தலையை நுழைத்து, மூட்டை முடிச்சுக்கு மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். விரல் விறைத்திருந்தது, தப்புத் தப்பாகத் தட்டியது. அண்ணனின் அட்டவணையைத் திறந்து ஒரு பக்கம் வைத்தாள். மறுபக்கம் கோடுகள் ஓடின. வோல்ட் கோடு தாழ்வாக இருந்தது, கரண்டு உண்டாக்குகிற பழைய ஆல்டர்னேட்டர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கரண்டு நேரக் கோடு உயரத்தில் இருந்தது. அட்டவணை சொல்வதும் அதைத்தான். ஆனால் ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எதை நிச்சயம் செய்வது? வோல்ட் கொஞ்சம் மாறினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளக்கைப் போட்டு அணைக்கலாமா என்று யோசித்தாள்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே வோல்ட் கோடு தானாக ஒரு படி ஏறியது. நன்றாக ஏறியது. கூடவே கரண்டு நேரம் ஒரு படி இறங்கியது. அட்டவணையைப் பார்த்தாள். எவ்வளவு இறங்க வேண்டும் என்று அதில் இருந்ததோ, அவ்வளவே, மயிரிழை பிசகாமல் இறங்கியிருந்தது. அவள் மழையில் நனைந்துகொண்டே சத்தமாகச் சிரித்துவிட்டாள். அண்ணா, நீ நல்லா இருப்பே என்று வாய்விட்டுச் சொன்னாள். உட்காரக்கூட இல்லாமல் குனிந்தபடியே, கடைசியாக டாங்க் ரொப்பிய நாளிலிருந்து எல்லாவற்றையும் தாமதத்தைக் கழித்துத் திரும்பப் போட்டாள். பழைய பதிவுகளை லேப்டாப் மெல்ல மென்று தின்றது. காத்திருந்தாள். எட்டரை லிட்டர் என்று வந்தது. நம்பாமல் இன்னொரு முறை போட்டாள். எட்டரை. விடிய விடிய எஞ்சின் ஓடலாம். விடிந்த பிறகும் ஓடலாம்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று லேப்டாப்பை மூடப் போனவள், அந்தப் படியை இன்னொரு தடவை ஆசையாகப் பார்த்தாள். சரியான நேரத்தில் ஏறிக் கொடுத்ததே, மகராசி என்று நினைத்தாள். பிறகுதான், எதனால் ஏறியது என்ற கேள்வி வந்தது. ஏதோ ஒன்று அணைந்தால்தானே வோல்ட் ஏறும். விளக்கை முன்னமே அணைத்தாயிற்று. வைப்பரும் அப்போதே நின்றுவிட்டது. அணைப்பதற்கு வண்டியில் வேறு என்ன இருக்கிறது?

லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். டிக்கியைச் சுற்றி வந்த நாலடி தூரத்தில் இரண்டு முறை சறுக்கினாள். கதவைத் திறந்தாள். மெஷின் இரைச்சல் இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, மழையில் அது அத்தனை சாதுவாகக் கேட்டது. அப்பாவின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. குழாய் மூக்கில்தான் இருந்தது. உதடு நீலம். வலது கை விரல் இன்னும் மெஷின் சுவிட்சின் மேல் இருந்தது. பிளக்கைப் பிடுங்கியிருந்தால் மெஷின் அலறியிருக்கும். அவர் முறைப்படி சுவிட்சைத் தட்டியிருந்தார்.

அவள் அவர் விரலைத் தள்ளிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். அந்த மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம், போட்டவுடன் வேலை செய்யாது. பீப் என்று ஒரு சத்தம், அப்புறம் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு சும்மா இருக்கும். அந்த நேரத்தில் அவள் அவர் கன்னத்தைத் தட்டினாள், அப்பா அப்பா என்றாள், நெஞ்சில் காதை வைத்தாள். நெஞ்சு துடிக்கிறதா தன் காதுதான் துடிக்கிறதா என்று தெரியவில்லை. லாரி டிரைவர் ஓடிவந்து மறுபக்கக் கதவைத் திறந்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். மெஷின் புஸ்ஸென்று முதல் மூச்சை விட்டது. அப்பா விடவில்லை. மெஷின் இரண்டாவதும் விட்டது. அவள் என்னென்னவோ வேண்டிக்கொண்டாள், யாரிடம் என்று அவளுக்கே தெரியாது. திட்டவும் திட்டினாள். அவரை, அண்ணனை, தன்னை, பச்சை எண்ணை.

எத்தனையாவதிலோ அப்பாவின் நெஞ்சு தூக்கியது. கரகரவென்று ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று. விரலில் மாட்டும் கிளிப் காட்டிய ஆக்சிஜன் அளவு மெல்ல மெல்ல ஏறியது. உதட்டில் நிறம் வரும்வரை லாரி டிரைவர் கையை எடுக்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது மகளை அல்ல, டாஷ்போர்டை.

"பாத்தியா," என்றார். குரல் பஞ்சாக இருந்தது. "நான் நிறுத்தினதும் எண்ணு விழறது குறைஞ்சுபோச்சு. கீழ்த்தொட்டி காலியாகிறப்போ மோட்டாரை ஓட விடுவாங்களா யாராவது? நீ பத்திரமா வீடு போகணும்ல."

அவள் முன் சீட்டுக்கு எட்டிக் குனிந்து, பெட்டியை டேப்போடு பிய்த்து எடுத்துக் கால் வைக்கும் இடத்தில் போட்டாள். பின் சீட்டிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எட்டரை லிட்டர் என்பது கணக்குப்படிதான். கணக்கு ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. எஞ்சின் ஒவ்வொரு தடவை லேசாக இருமும்போதும் அவள் உயிர் போய் வந்தது. எஞ்சின் நிற்கவில்லை. மண்வெட்டி எந்திரம் வந்து, வழி திறந்து, பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தபோதும் நிற்கவில்லை.

மலையிறங்கி முதல் பங்க்கில் டாங்க்கை ரொப்பச் சொன்னாள். பங்க்காரன் குழாயைச் செருகினான். அவள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே குழாய் கிளிக்கென்று நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது கொஞ்சநஞ்சமல்ல, அவள் கணக்கிட்டதைவிடவும் ஒரு டம்ளர் கூடுதல். கோடு ஒரு படி ஏறியதிலிருந்து அவள் ஓடிவந்ததுவரை எத்தனை நிமிடம் என்பதும் லேப்டாப்பில் பதிவாகியிருக்கும். அதை மட்டும் அவள் இன்றுவரை பார்க்கவில்லை.

அப்பா ஜன்னலை இறக்கினார். "என்ன, நான் மிச்சம் பிடிச்சதுலதான் இறங்கி வந்தோமா?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆமாம்ப்பா என்று சொல்லிவிட அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பொய். சொன்னால் அவருக்கு நிறைவு. ஆனால் சொன்னால் இன்னொரு நாள், இன்னொரு எண்ணைப் பார்த்துவிட்டு அந்த விரல் மறுபடி சுவிட்சுக்குப் போகும்.

"இல்லப்பா. எண்ணு தப்பு. வால்வு திறக்கிற நேரத்தை நான் கழிக்காம விட்டுட்டேன். டாங்க்ல எட்டரை லிட்டர் இருந்துச்சு. நீங்க நிறுத்தவே வேண்டியதில்ல."

அப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"அடிப்பாவி," என்றார். "இதை டிக்கிக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. பங்க்காரன் பில்லை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் அதை வாங்காமல், ஜன்னலுக்குள் கையை விட்டு அப்பாவின் வலது கை விரலைப் பிடித்துக்கொண்டாள்.